தொட்டி காலி எனக் கொள்க

1. என் வேலைக்கே பூஜ்யம்

செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் நான் ஷிஃப்ட் ஆபரேட்டர். அதற்கு முன் பதினோரு வருஷம் அங்கேயே ஹெல்பர். ஆபரேட்டர் ஆக வேண்டுமானால் நீர் சுத்திகரிப்பில் டிப்ளமோ வேண்டும். டிப்ளமோவுக்கு அல்ஜீப்ரா பேப்பர் பாஸாக வேண்டும். அதற்காகத்தான் நாற்பத்திரண்டு வயதில், சனி ஞாயிறுகளில் கடலூரிலிருந்து பஸ் ஏறி, சிதம்பரத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் விட்டதை இருபத்தாறு வருஷம் கழித்துத் தொட்டால் சும்மா வருமா? மற்ற பேப்பர்களை ஒப்பேற்றிவிட்டேன். அல்ஜீப்ராவில் இரண்டு முறை ஃபெயில். மூன்று முறைதான் எழுத விடுவார்கள்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். நான் வகுப்பு முடிந்து வந்தால் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்.

"என்னாடி, அந்த எக்ஸு இன்னைக்காவது வலையில மாட்டுச்சா?"

"மாட்டல மாமா. ஒனக்கு மட்டும் தெனம் மாட்டுதாக்கும்?"

வாய் மட்டும் குறையாது. உள்ளுக்குள் பயம்தான். கடைசி வாய்ப்பும் போனால் ரிட்டயர் ஆகும்வரை வாளி தூக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் வகுப்பில் ஒரு டெஸ்ட் வந்தது. அதில் ஒரு கேள்வி: 10 சதவீதக் கரைசலில் எத்தனை லிட்டரைத் தண்ணீருடன் கலந்தால் 2 சதவீதக் கரைசல் 1000 லிட்டர் கிடைக்கும்? எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தினமும் காலையில் நான் பார்க்கிற வேலை இது. சுத்தம் செய்த தண்ணீரில் கிருமி சாவதற்கு ஹைப்போ என்கிற திரவத்தை விடுவோம். பத்து சதவீதமாக வருவதை ஆயிரம் லிட்டர் தொட்டியில் இரண்டு சதவீதமாகக் கலந்து வைப்பது ஹெல்பர் வேலை. கண்ணை மூடிக்கொண்டு 190 என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

பூஜ்யம் வந்தது.

2. அடியில் கிடந்த ஐம்பது

வகுப்பு முடிந்ததும் பவித்ரா மிஸ்ஸிடம் சண்டைக்கே போய்விட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கோபம் வந்தால் சாக்பீஸை இரண்டாக உடைப்பார்.

"எரநூறு தானேக்கா வரும்?" என்றார்.

"எரநூறு ஊத்துனா காட்டம் ஜாஸ்தியாயிடும் மிஸ். பதினோரு வருஷமா நூத்தித் தொண்ணூறுதான் ஊத்துறேன். லேப்ல ஒரு நாள் தப்புன்னு சொன்னதில்ல."

சாக்பீஸ் உடையவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தப் பத்து லிட்டரு ஏன் கொறையுது?"

இதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி. யோசித்துத்தான் சொன்னேன். "அடியில அம்பது லிட்டர் கெடக்கும் மிஸ். கசடு வரக்கூடாதுன்னு வால்வ ஒரு சாண் மேல வச்சிருக்காங்க. அந்த அம்பது ஏற்கனவே கலந்தது. மிச்சம் தொள்ளாயிரத்து அம்பதுக்குத்தான் நான் கலக்குறேன்."

"கேள்வியில தொட்டியே இல்லையேக்கா!"

"தொட்டி இல்லாம எதுல மிஸ் கலப்பாங்க?"

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்டார்: "அந்த அம்பது எப்பவும் அம்பதுதானா?"

"தொட்டி கழுவுன அன்னைக்கி ஒண்ணும் இருக்காது."

"மாறுதுல்ல? மாறுறதுக்கு ஒரு எழுத்து வைங்க. ஒங்களுக்குக் கணக்கு தெரியுதுக்கா. தெரிஞ்சத தாள்ல சொல்லாம மனசுலயே வச்சிக்கிறீங்க."

ஊற்ற வேண்டிய ஹைப்போ x. அடியில் கிடப்பது y. இரண்டு சதவீதத்தில் ஆயிரம் லிட்டர் என்பதால் 10x + 2y = 2000 என்று எழுதினார். y-க்கு ஐம்பது போட்டேன், x 190. பூஜ்யம் போட்டேன், x 200. என் தொட்டியும் புத்தகத்தின் விடையும் ஒரே வரியில் இருந்தன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

3. சண்முகம் சாரும் வால்வும்

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. காலை ஷிஃப்டுக்குப் போனால் தொட்டியில் முந்நூறு லிட்டர் நிற்கிறது. முந்தின ஷிஃப்டில் வழக்கமான ஹைப்போவை ஊற்றியிருக்கிறார்கள், தண்ணீர் மோட்டார் பாதித் தொட்டியிலேயே நின்றதைக் கவனிக்காமல் இருநூறு லிட்டரைப் பயன்படுத்தியும் விட்டார்கள். லேபில் பார்த்தால் நாலு சதவீதம். ஷிஃப்ட் இன்சார்ஜ் சண்முகம் சார் கம்மாபுரத்துக்காரர், அவசரக்காரர்.

"எல்லாத்தையும் தொறந்து உட்டுட்டுப் புதுசா கலக்கும்மா."

"தொறந்தா கழுவுற தண்ணி போற லைன் வழியா பாக்டீரியா தொட்டியிலதான் சார் போய் விழும்."

கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்வதே அந்த பாக்டீரியாதான். இவ்வளவு ஹைப்போ மொத்தமாக விழுந்தால் செத்துப்போகும், மறுபடி வளர வாரக்கணக்கில் ஆகும். சார் வால்வில் வைத்த கையை எடுத்தார். "அப்ப என்னா செய்யச் சொல்ற?"

லாக் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். இரண்டு சதவீதத்தில் ஆயிரத்துக்கு வேண்டியது 2000. நாலு சதவீதத்தில் முந்நூறில் ஏற்கனவே இருப்பது 1200. 10x + 1200 = 2000. ஹைப்போ எண்பது லிட்டர், மிச்சம் அறுநூற்று இருபது தண்ணீர்.

"எம்பதா? கம்மியா இருக்கே?"

"ஊத்திட்டு லேப்ல பாருங்க சார். தப்பா இருந்தா நாளைலேர்ந்து நான் சிதம்பரத்துக்கே போவல."

வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேனே தவிர, லேப் கதவு திறக்கும்வரை அதே கணக்கை மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன். சார் சீட்டைக் கையில் பிடித்தபடி வந்தார். சரியாக இரண்டு.

"ஒழுங்கா போயி பரிச்ச எழுதும்மா" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

4. முதல் வரி

தேர்வில் கலவைக் கணக்கு வந்தது, பத்து மார்க்குக்கு. கை பழக்கத்தில் அடியில் கிடக்கும் ஐம்பதைக் கழிக்கப் போனது. பேனாவை மூடி, தண்ணீர் குடித்துவிட்டு, முதல் வரியாக "தொட்டி காலி எனக் கொள்க" என்று எழுதினேன். அதன்பின் ஒவ்வொரு வரியாக இறங்கினேன். அறுபத்து மூன்று மார்க். ரிசல்ட் பார்த்த அன்று வீட்டுக்காரர் கேலி செய்யவில்லை, வஞ்சிரம் வாங்கி வந்தார்.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் நாள் அந்த வகுப்பில் எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த நினைப்புதான் என்னை இரண்டு முறை ஃபெயிலாக்கியது. பதினோரு வருஷம் கை பழகியது என்னிடம் இருக்கத்தான் செய்தது. அதற்கு ஓர் எழுத்து வைத்துத் தாளில் சொல்லத்தான் தெரியவில்லை. கணக்கில் தொட்டியைக் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.