மூன்று என்று எழுதிய படிவம்

புதிய வீட்டுக்கு மின் இணைப்பு வேண்டுமென்றால் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். வயரிங் முடிந்தது, சோதித்துப் பார்த்தாயிற்று, பாதுகாப்பாக இருக்கிறது என்று மூன்று பேர் கையெழுத்துப் போடும் படிவம். வீட்டுக்காரர், வேலையை எடுத்துச் செய்த ஒப்பந்தக்காரர், உரிமம் பெற்ற மேற்பார்வையாளர். அந்த மூன்றாவது ஆள் நான். டிப்ளமோ முடித்த இரண்டாம் வருடம், உத்தமபாளையத்தில் ஓர் எலக்ட்ரிக்கல் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

கடை முதலாளிக்கு நான் தேவையில்லை, என் உரிமம்தான் தேவை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு கட்டுப் படிவத்தை மேசையில் வைத்தார்.

"ஆத்தா, இதுல எல்லாத்துலயும் கையெழுத்தைப் போட்டு வச்சிரு. வேணுங்கிறப்ப கிழிச்சுக்கிறேன்."

எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்திருக்கிறார். வீட்டைப் பார்க்காமல் போட மாட்டேன் என்றேன்.

"பாரு, நல்லாப் பாரு. செவரு எங்கன ஓடிப்போயிறப் போகுது?" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து மெக்கரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஊர் ஊராகப் போனேன். மெக்கர் என்பது கைப்பிடியைச் சுற்றினால் முள் அசைந்து எண் காட்டும் பெட்டி. கம்பியிலிருந்து சுவருக்குள் மின்சாரம் கசியுமா என்பதை அது சொல்லும். எண் பெரிதாக இருந்தால் நல்லது. ஒன்றுக்குக் கீழே இறங்கினால்தான் ஆபத்து. ஒன்று இருந்தாலே விதிப்படி போதும்.

அனுமந்தன்பட்டி வீட்டுக்குப் போனது ஆனி மாதம். வீட்டுக்காரர் சவுதியில் வேலை பார்ப்பவர், இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். பதினோரு நாள் பாக்கி. வீடு அவர் பேரில் இருந்ததால் இணைப்புக்கான ஒப்பந்தத்தில் அவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். என் படிவம் ஏற்கப்பட்ட பிறகுதான் அந்த ஒப்பந்தமே வெளியே வரும். விட்டுவிட்டால் அங்கிருந்து அதிகாரப் பத்திரம் எழுதி, சான்று வாங்கி, தபாலில் அனுப்பி, மாதக்கணக்காகும். இல்லையென்றால் அடுத்த விடுப்பு, இரண்டு வருடம் கழித்து. அதுவரை அவர் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் சொந்த வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, சொந்தக்காரர் வீட்டு மாடி அறையில் இருக்க வேண்டியதுதான்.

அவரும் எலக்ட்ரீசியன். நான் மெக்கரை வெளியே எடுத்ததும் கேட்காமலே கிளிப்பை வாங்கி மாட்டினார். நான் சுற்ற, அவர் முள்ளைப் பார்த்துச் சொன்னார். ஹால் இருபத்திரண்டு. படுக்கையறை பத்தொன்பது. சமையலறைக்கு வந்ததும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

"மூணு. பூச்சு காயலை தங்கச்சி. நான் ஊருக்குப் போறேன்னு கொத்தனார் கடைசி ரெண்டு வாரத்துல அவசரமாப் பூசி விட்டுட்டாரு. மேல இந்தச் சாரல் வேற."

காரணம் அதுதான். ஈரச் சுவரில் எண் குறையும், காய்ந்தால் ஏறும். எர்த் சரியாக இருந்தது, கம்பி நல்ல கம்பி. குறை எதுவும் இல்லை. கண்டதைக் கண்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மின்சார அலுவலகத்தில் படிவத்தை வாங்கிய எழுத்தர் சமையலறை வரிசையில் விரலை வைத்தார்.

"என்னம்மா, மூணு?"

"ஒண்ணு இருந்தாலே போதும் சார். விதியிலயே இருக்கு."

"விதியில இருக்கும்மா. ஃபைல்ல இல்லையே." கோப்பைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "எல்லாரும் என்ன போட்டிருக்காகன்னு பாரு."

ஹால் ஐம்பது, படுக்கையறை ஐம்பது, சமையலறை ஐம்பது. அடுத்த தாள், ஐம்பது. மார்க்கையன்கோட்டையில் ஓட்டு வீடு, ஐம்பது. மூன்று மாடி வீடு, ஐம்பது. வெவ்வேறு கையெழுத்து, ஒரே எண். எங்கள் கடை முத்திரை குத்திய தாள்களும் அதில் இருந்தன. அவற்றில் ஒரு வீட்டுக்குக்கூட மெக்கர் போயிருக்காது.

"எல்லாம் அம்பதா இருக்கையில ஒண்ணு மட்டும் மூணுன்னா, ஆடிட்டுல என்னையத்தானே கேப்பாக? சரி பண்ணிட்டு வா. இல்லாட்டி அதிகாரி வரட்டும்."

அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார். வர இன்னும் பதினோரு நாள் ஆகும் என்றார்கள். வீட்டுக்காரருக்கு அதற்கு முந்தின நாள் கொச்சியில் விமானம்.

பஸ்ஸில் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். அதிகாரிக்காகக் காத்திருப்பது, முடியாது. சமையலறைக் கம்பியைப் பிடுங்கிப் புதிதாகப் போடுவது, சுவரை உடைத்துப் பூச வேண்டும், மறுபடி ஈரம். விதிப் பக்கத்தைப் பிரதி எடுத்துப் படிவத்தோடு இணைப்பது. சுவரைக் காய வைப்பது. கடைசி வரியில் ஐம்பது என்று எழுதி அடித்தேன்.

பிரதியை எழுத்தர் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தார். சுவரைக் காய வைக்கச் சமையலறையில் கரியடுப்பு மூட்டினோம். வீட்டுக்காரரின் மனைவி இருமிக்கொண்டே கரி அள்ளிப் போட்டார். மூன்றாம் நாள் சுற்றினேன்.

"அஞ்சு!" என்றார் வீட்டுக்காரர். "மூணு நாளுக்கு ரெண்டு ஏறியிருக்கு. அம்பதுக்கு எத்தனை நாளுன்னு நீங்களே கணக்குப் போடுங்க."

"இன்னும் கொஞ்சம் கரி போடவா?" என்று கேட்டார் மனைவி.

"போடு போடு, பிரியாணியும் வச்சிரு. கடை ஆளுகளையும் அலுவலகத்து ஆளுகளையும் கூப்பிட்டு விருந்து வைப்போம்."

கடைக்குத் திரும்பினால் முதலாளி. "ஏன் ஆத்தா இப்படி வம்பு பண்ற? கரண்டு என்ன, நீ எழுதுன நம்பரைப் படிச்சுட்டா கம்பியில ஏறுது?"

எனக்கு எரிச்சல் அவர்மேல்கூட இல்லை. அந்த வீடு பாதுகாப்பானது. அதைச் சரியாகச் சொன்ன தாள் என் பையில் இருந்தது. அந்தத் தாளுக்குத்தான் இடமில்லை.

விமானத்துக்கு மூன்று நாள் இருக்கையில் வீட்டுக்காரரே கடைக்கு வந்தார். கையில் புதுப் படிவம், தன் இடத்தில் கையெழுத்துப் போட்டே கொண்டு வந்திருந்தார்.

"தங்கச்சி, நான் சவுதியில இப்படிப் பொய்யா எழுதுனா அன்னிக்கே ஊருக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்துருவாக. தப்புன்னு தெரியும். ஆனா ரெண்டு வருசம் பிள்ளைகளை அந்த மாடியில விட முடியாது. எழுதுங்க."

எழுதினேன். எல்லாக் கட்டத்திலும் ஐம்பது. நான் பார்க்காமல் போட்ட கையெழுத்து இல்லை, பார்த்தும் போட்ட கையெழுத்து. எது மோசம் என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

எழுத்தர் படிவத்தைப் பார்த்தார், பதிவேட்டில் எண் போட்டார், முத்திரை குத்தினார். "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" என்றார், அக்கறையாகவே. ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாள் இணைப்பு வந்தது. அதற்கு மறுநாள் அவர் குமுளி வழியாகக் கொச்சிக்குப் போனார்.

அதே வாரம் முதலாளி வேறொரு வீட்டுப் படிவத்தை நீட்டினார். வீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். "அம்பது போடத் தெரிஞ்ச பிள்ளைக்கு என்ன பார்வை வேண்டிக்கெடக்கு?" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பார்த்துவிட்டுத்தான் போட்டேன். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

சாரல் நின்று வெயில் அடித்த பிறகு, ஒருவரும் சொல்லாமல் நானாகவே மெக்கரோடு அனுமந்தன்பட்டிக்குப் போனேன். அவர் மனைவி சமையலறையில் கிரைண்டரில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். மெயினை அணைக்க வேண்டும் என்றேன்.

"ஏன் தங்கச்சி, எதுவும் கோளாறா?"

"இல்லக்கா. ஒரு தடவை அளந்து பாத்துட்டுப் போயிர்றேன்."

கிரைண்டர் நின்றது. இணைப்புகளைக் கழற்றி, கிளிப் மாட்ட ஆளில்லாததால் நானே மாட்டிச் சுற்றினேன். முள் அறுபதைத் தாண்டி நின்றது. படிவம் எதுவும் கொண்டு வரவில்லை. கொண்டு வந்திருந்தாலும் இணைப்புக் கொடுத்த வீட்டுக்கு மறுபடி வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

"எவ்வளவு காட்டுது?" என்றார்.

"அறுபதுக்கு மேல."

"அது நல்லதா, கெட்டதா?"

"நல்லதுக்கா."

"அப்ப போட்டு விடுங்க. மாவு பாதியில நிக்குது."

மெயினைப் போட்டேன்.