இரண்டு படங்களில் ஒரே ஆள்

மெல்பேர்னில் ஓர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். காலையில் கதவு திறக்குமுன் படங்களின் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கீழே எழுதியிருப்பதை வாசிப்பதில்லை, படத்தைத்தான் பார்ப்பேன்.

சென்ற ஆண்டு மூன்று மாதம் ஒரு போர்ப் படப்பிடிப்பாளரின் படங்கள் தொங்கின. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய மனிதர். குதிரை வண்டியையே இருட்டறையாக்கி, கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவுவாராம். ஆள் அசைந்தால் படம் கலங்கிவிடும். அதனால் அவர் படங்களில் சண்டை இல்லை. சண்டை முடிந்தபின் கிடப்பவர்கள்தான்.

ஒருநாள், கற்சுவரோரம் கிடந்தவனின் முழங்காலில் ஒட்டுப்போட்ட துணியைக் கவனித்தேன். நாலு படம் தள்ளி, வெட்டவெளியில் கிடந்தவனுக்கும் அதே ஒட்டு. அதே முகம்.

காவலாளியிடம் கேட்டேன். மதுரைக்காரர்.

"அட, கண்டுபிடிச்சிட்டீங்களே! ரெண்டும் ஒரே ஆளுதாண்ணே. படம் நல்லா வரணும்னு தூக்கிட்டுப் போய் சுவத்துக்கிட்ட போட்டிருக்காரு. சினிமா ஷூட்டிங் மாதிரி! இவ்வளவும் பண்ணி, சண்டை முடிஞ்சதும் அந்தப் படங்கள வாங்க ஆளில்லையாம்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஒருவனை அப்படி நகர்த்தியிருக்கிறேன்.

எங்கள் ஊர்ப் போரில், வன்னியில் ஷெல் விழுந்து என் சிநேகிதன் வீதியில் செத்துக் கிடந்தான். அவனைத் தூக்கிக் காட்டோரம் கிடத்திவிட்டு, ஓடுகிறவர்களோடு ஓடினேன். அவன் விழுந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, அவனுடைய அக்கா பிறகு வந்து வீதியில் தேடினா. உடல் இல்லை.

"அப்ப அவன் உயிரோட இருக்கிறான்" என்று முகாமில் என் கையைப் பிடித்துச் சொன்னா. அந்தச் சந்தோசத்துக்கு முன்னால் என் வாய் திறக்கவில்லை.

இப்போது அக்கா சிட்னியில், டூங்கபியில் இருக்கிறா. உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வதுபோல, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்துவந்தா. அவவின் கண்ணில் படாமலிருக்கத்தான் நான் மெல்பேர்னில் ஓர் அறையில் தனியே இருந்தேன்.

படங்களை இறக்கும் நாள் காலை, அந்த இரண்டையும் துடைத்துவிட்டு, சாமான் அறைக்குள் நின்று போன் எடுத்தேன்.

"என்ன தம்பி, அதிசயமாக் கிடக்கு! கலியாணம் கிலியாணமோ?"

"இல்லையக்கா. அவனை வீதியிலயிருந்து தூக்கினது நான்தான். அவன் அங்கயே செத்திட்டான். உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டன்."

அவவின் குசினியில் தாளிக்கும் சத்தத்தோடு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவ ரேடியோவை நிறுத்தினா.

"ஏன் தூக்கினனீ?"

"வெயில், அக்கா. முகத்தில விழுந்தது."

"மரத்துக்குக் கீழயோ விட்டனீ?"

"ஓம். பெரிய பாலை மரம்."

அவ போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.