டாஷ்போர்டில் கேட்ட சத்தம்

இது நடந்தது. நானாகக் கட்டிவிட்ட கதை என்றால் என்னை நானே இவ்வளவு கேவலமாகக் காட்டிக்கொள்வேனா? நீங்களே சொல்லுங்கள்.

நான் கார் மெக்கானிக். பழைய வண்டிகளின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று எங்கள் தெருவில் பேச்சு. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியில் காதைக் கொடுத்துக் கேட்பேன். 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தலைக்கனம் ஏறாமல் இருக்குமா?

போன மாதம் ஒரு டீச்சரம்மா தன் பழைய காரைக் கொண்டுவந்தார். கணவர் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வளைவில் திரும்பும்போதெல்லாம் டொக் டொக் என்று ஏதோ தட்டுகிறதாம். நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, காதைத்தான் யாரிடமாவது காட்ட வேண்டும் என்றேன். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெயிண்டர் சிரித்தான். டீச்சரம்மாவின் முகம் சுருங்கிப்போனது.

சரி, நீங்களே ஓட்டுங்கள் என்று பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். முதல் வளைவிலேயே...

டொக். டொக். டொக்.

இன்ஜினில் வரும் சத்தம் இல்லை அது. டாஷ்போர்டில், அவருக்குப் பக்கத்து காலி சீட்டின் எதிரே கேட்டது. வேகம் கூடினால் இன்ஜின் சத்தமும் கூடும். இது நிதானமாகத் தட்டியது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாலை நாலரை மணி. சுள்ளென்று வெயில். டீச்சரம்மா வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். முதலில் உள்ளே பார்ப்போம், அப்புறம் ஜாக்கி போட்டு அடியில் பார்ப்போம் என்று நினைத்தேன். அந்தக் காலி சீட்டுக்கு முன்னால் மடங்கி, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். தகரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன்.

அமைதி...

முதுகுக்குப் பின்னால் சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிட்டது. டீச்சரம்மாதான் உட்காருகிறார் என்று நினைத்தேன்.

அவர் குரல் வாசலில் கேட்டது.

தலைக்கு மேலே...

டொக். டொக். டொக்.

என் தோளில் ஒரு முழங்கால் இடித்தது.

எப்படி வெளியே விழுந்தேன் என்று தெரியாது. என்னாச்சு என்று டீச்சரம்மா ஓடிவந்தார். பெயிண்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊருக்கே டாக்டர், பட்டப்பகலில் பயந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்? அந்த வண்டி கண்ணைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

"ஒரு போல்ட் லூஸா இருந்துச்சு. டைட் பண்ணிட்டேன். எடுத்துட்டுப் போங்க."

ஜாக்கி போடவே இல்லை.

அடுத்த வாரம் வளைவில் திரும்பும்போது அந்தக் காரின் முன் சக்கரம் மடங்கி, வண்டி மரத்தில் மோதியது. சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்து கழன்றிருந்தது. அடியில் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைக்கூட நான் செய்யவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்புக்குக் கீழே முழுக்கக் கட்டு. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தன் கணவருக்குப் பேச்சு வராது என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது, வண்டியை நிறுத்தச் சொல்ல டாஷ்போர்டில் மூன்று தட்டு தட்டுவாராம்.

"நீங்க சரி பண்ணதுக்கப்புறம் அது கேக்கவே இல்லை. சத்தம் நின்ன பிறகுதான், தட்டினது அவர்னு எனக்கு உறைச்சுது."

வெட்கத்தில் நான் தலையைத் தூக்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதை டைட் பண்ணீங்களோ, அதைக் கொஞ்சம் லூஸ் பண்ணி விடுறீங்களா?"