ஊறக் கிடந்த வள்ளம்

பிச்சைக்கனிக்கு ரெண்டு பிள்ளைகள். மூத்தவள் பேச்சி, அடுத்தவன் பால்பாண்டி. பேச்சியைச் சங்கரன்கோவிலுக்குத் தெற்கே கட்டிக்கொடுத்து, அவளுடைய நாத்தனார் பொன்செல்வியைப் பால்பாண்டிக்கு எடுத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம் என்பதால், இங்கே திருவனந்தபுரத்தில் பால்பாண்டி ஒரு வேலையைப் பாதியில் விட்டால் அங்கே ஊரில் பேச்சிக்கு ஏச்சு விழும். பாவம், அவள் வாங்கிய ஏச்சு கொஞ்சமா?

பிச்சைக்கனியே ஒரு இடத்தில் கால் தரிக்காத மனுஷன். பொன்முடி எஸ்டேட் லயத்தில் கொஞ்ச நாள், வித்துராவில் சோடாக்கடையில் கொஞ்ச நாள் என்று சுற்றி, ஊருக்கும் போகாமல் இங்கேயும் நிற்காமல் பஸ்ஸிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். அந்த ரத்தம்தான் பால்பாண்டிக்கும். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவன் தொழில். ஒரு சுவரை அடிக்கும்போதே அடுத்த சுவர் அவன் கண்ணில் ஆடும். கல்லாற்றில் டீக்கடை போடுகிறேன் என்று சிமெண்ட் பெஞ்சு கட்டினான், போர்டு எழுதினான், பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே மனசு மாறிவிட்டது. ஊரில் அவன் கட்டிய வீட்டுக்கு இன்று வரைக்கும் கூரை கிடையாது. உள்ளே வேப்பமரம் முளைத்து, பேச்சியின் ஆடுகள் அதன் நிழலில் படுத்துக் கிடக்கின்றன.

இப்படிப்பட்டவன் கையில்தான் அந்த வள்ளம் வந்து சேர்ந்தது.

கடலை ஒட்டிக் கிடக்கும் வேளிக் காயல் கரையில் ஒரு டாக்டர் வீடு. வருஷத்துக்கு ஒரு தடவை பால்பாண்டிதான் அதற்குப் பெயிண்ட் அடிப்பான். டாக்டருக்குச் சின்னதாய் ஒரு பாய்மர வள்ளம் இருந்தது. சாயங்காலமானால் வெள்ளைப் பாயை விரித்துக்கொண்டு காயலில் போவார். மாடி ஜன்னலில் ஏணி போட்டு நின்று பால்பாண்டி அதைப் பார்ப்பான். மனுஷர் எந்த ஊருக்கும் போகவில்லை, ஆனால் போய்க்கொண்டே இருந்தார். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

டாக்டர் கண்ணை மூடினார். வள்ளம் பாய் இற்றுப்போய்க் கரையில் கவிழ்ந்து, ஓலையும் செடியும் மூடிக் கிடந்தது. மகள் ஆர்ஷா இடத்தை விற்றுவிட்டு, சாமான்களை எடுத்துப் போக வந்தாள். “சேட்டா, அச்சன்றெ வள்ளம் வேணுமெங்கில் எடுத்தோ. இல்லெங்கில் இடம் வாங்கினவரு விறகாக்கும்” என்றாள்.

“எனக்கு வேணும்” என்றான். யோசித்துச் சொன்னதில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பொன்செல்வி கட்டட வேலைக்குப் போய்விட்டு வந்து தலைத்துணியை அவிழ்த்தபடி கேட்டாள்: “வள்ளமா? நம்ம ஊர்ல தண்ணியக் குடத்துலதான பாத்திருக்கோம். ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“வள்ளம் எதுக்கு இருக்கு? நீந்தாம போகத்தான.”

“சரி. கூரை இல்லாத வீடு, பால் காயாத கடை, இப்ப பாய் இல்லாத வள்ளம். இதையாவது முடிக்கியளான்னு பாக்கேன்.”

விற்ற இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறது. ரோட்டுப் பக்கம் மதில் கட்டி, ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கேட் மட்டும் விட்டிருந்தார்கள். வள்ளம் வெளியே போவதென்றால் காயல் வழியாகத்தான் போக வேண்டும். சூப்பர்வைசர் சத்தியதாஸ் நெய்யாற்றின்கரைக்காரன், நல்ல மாதிரி. ஆனால் கணக்காகச் சொல்லிவிட்டான்: “சேட்டா, மழை தொடங்கினா ஜேசிபி வரும். அப்ப இங்க என்ன கெடந்தாலும் அது கோரி எடுக்கும். பிறகு என்னைக் குத்தம் பறயக் கூடாது, கேட்டோ.”

பால்பாண்டி வேலையைத் தொடங்கினான். அவனுக்குத் தெரிந்தது சுவர். சுவருக்கு ஈரம்தான் முதல் எதிரி. ஈரம் போகாமல் பெயிண்ட் அடித்தால் கொப்புளம் கட்டும். அதனால் மாசியில் வள்ளத்தை நிமிர்த்தி வெயிலில் போட்டான். பங்குனி வெயில் முழுக்கக் காய்ந்தது. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் சந்து விழுந்தபோது, “அழுக்கெல்லாம் போயிட்டு, இப்பதான் சந்து தெளிவாத் தெரியுது” என்று சந்தோஷப்பட்டான். ரெண்டு டப்பா மருந்தைக் கலந்தால் கல்லாய் இறுகும் பசை ஒன்று உண்டே, அதைக் கொண்டு எல்லாச் சந்துக்கும் பட்டி பார்த்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பிரைமர் அடித்து, அதன் மேல் நீல எனாமல் அடித்தான். ஒரு கல்யாண வீட்டுக் கதவுகூட அப்படி மின்னியிருக்காது.

வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கும் நாளுக்குப் பேச்சியும் அவள் வீட்டுக்காரரும் ஊரிலிருந்து வந்தார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, தென்னந்தடிகளை உருளையாக்கி எல்லோரும் தள்ளினார்கள். வள்ளம் மிதந்தது. பேச்சி குலவை போட்டாள். குலவை முடிவதற்குள் அடிப்பலகையில் ஒரு வரி தண்ணீர் தெரிந்தது. பசை கல்லாய்த்தான் இருந்தது. காய்ந்து சுருங்கிய மரம்தான் பசையை விட்டு விலகிப் போயிருந்தது. பத்து இடத்தில் ஊற்றுப் போலப் பொங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பு வரை முங்கியது.

“சேட்டா, இது வள்ளமோ, சல்லடையோ?” என்று சத்தியதாஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுக்க வந்தான்.

மச்சினர் தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “மாப்ள, இதுக்கு அந்தக் கூரை போடாத வீடே தேவல. அது முங்காது.”

பேச்சி யார் முகத்தையும் பார்க்காமல் தேங்காய் மூடிகளைப் பொறுக்கினாள். ஊர் போய்ச் சேரும் வரை பஸ்ஸில் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று பால்பாண்டிக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் அவன் விடவில்லை. மறுபடி காயவைத்தான், மறுபடி பசை வைத்தான். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் வாய் பிளந்தது. நர்சிங் படிக்கும் மகள் ஷிஜா சொல்லிப் பார்த்தாள்: “அப்பா, ஆளுக எல்லாம் களியாக்கிச் சிரிக்குது. மதியாக்கு, போதும், ப்ளீஸ்.” அவன் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தான்.

அப்படி நடக்கும்போது ஒரு நாள் காலில் வாளி இடறியது. உள்ளே பொன்செல்வியின் மண்வெட்டி தலைகீழாகத் தண்ணீரில் நின்றது. அதை எடுத்து ஓரமாய் வைக்கப் போனான்.

“எடுக்காதீய!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. “இப்பதான் போட்டேன். வெயில்ல காஞ்சு பிடி ஆடுது. ஊறினாத்தான இறுகும்.”

பால்பாண்டி மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். அவனுக்கு இது தெரியாததா? சின்ன வயசில் அவனே எத்தனை தடவை ஊறப் போட்டிருக்கிறான். மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் மாட்டும்போது சீவிக் கொடுக்கிற வேலையே அவனுடையதுதானே! மரம் தண்ணீர் குடித்தால் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். ஒரு கோடை முழுக்க வள்ளத்தின் தொண்டையை அவனேதான் வறள வைத்திருக்கிறான்.

“ஏளா, வள்ளத்தை முக்கணும்” என்றான்.

“அதுதான் தானாவே முங்குதே.”

விஷயம் அதோடு முடியவில்லை. சந்தெல்லாம் கல்லாய் அடைத்திருந்தால் மரம் பெருக்கும்போது எங்கே போகும்? ஒன்றையொன்று நெருக்கிப் பிளந்துவிடும். அவன் வைத்த பசையை அவனே உளியால் நோண்டி எடுத்தான். மின்னிய எனாமல் சிரங்கு பிடித்தது போல் ஆனது. மரம் நெருக்கும்போது விட்டுக்கொடுக்கிற பொருளாக வேண்டும் என்று சாலைக் கடைத்தெருவில் ராஜபாய் அக்கா கடைக்குப் போய் விளக்குத்திரி கேட்டான். கட்டுக்கட்டாய் அள்ளுவதைப் பார்த்து அவள் கேட்டாள்: “எந்தக் கோயில்ல லட்சதீபம் தம்பி?”

“கோயிலுக்கு இல்லக்கா. வள்ளத்துக்கு.”

“வள்ளத்துக்கு எதுக்கு வெளக்கு? மீனுக்குக் கண்ணு தெரியாதா?”

திரியைக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய குழம்பில் நனைத்துச் சந்துகளில் திணித்தான். பிறகு வள்ளத்தை இடுப்பளவு தண்ணீருக்குத் தள்ளி, மணல் மூட்டைகளை ஏற்றி, கையோடு முக்கினான். இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை. மரம் குடிக்கிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டும். அதுதானே அவனுக்கு வராத வேலை! காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை இறங்கிப் பலகையைத் தட்டினான். மூட்டையைத் தூக்கினான், வைத்தான்.

“நீங்க இங்க இருந்தா அது உருப்படாது” என்று பொன்செல்வி அவனைப் பொன்முடிக்கு அனுப்பினாள். அங்கே ஒரு விடுதிக்கு உள்சுவர் அடிக்கிற வேலை. வளைவு வளைவாய் ஏறும் பஸ்ஸில் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான், காயல் அங்கிருந்து தெரியும் என்பது போல. மேலே மூடுபனியில் பெயிண்ட் சீக்கிரம் காயவில்லை. அங்கேயும் காத்திருப்புதான். தினம் போன் போட்டான்.

“கெடக்கா?”

“கெடக்கு. விளிம்புல ஒரு கொக்கு உக்காந்திருக்கு. ஒங்களுக்குப் பதிலா அதுதான் காவல்.”

“சந்து மூடிட்டா? தடவிப் பாத்தியா?”

“புள்ளைக்கு உச்சிக்குழி மூடுற மாதிரி அதது மூடுற நேரத்துல மூடும். வைங்க போன.”

ஒரு வாரத்துக்கு மேல் போயிருக்கும். மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் பொன்செல்வியே கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது.

“ஏங்க, பொழி வெட்டப் போறாங்களாம். காயல் ஏறி வீடுகளுக்குள்ள தண்ணி வந்துட்டு. மெஷின் வந்து நிக்கி.”

வேளியில் காயலுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு கிடக்கும். அதைத்தான் பொழி என்பார்கள். வெள்ளம் ஏறினால் அதை வெட்டிவிடுவார்கள். காயல் தண்ணீர் கடலுக்கு ஓடி, கரையெல்லாம் சேறாகிவிடும். வள்ளம் அந்தச் சேற்றில் சிக்கினால் மறுபடி தண்ணீர் ஏறும் வரை அசையாது. அதற்குள் ஜேசிபி வந்துவிடும்.

பால்பாண்டி ஏணியில் நின்றான். சுவரில் பாதி பச்சை அடித்தாயிற்று, பாதி இன்னும் வெள்ளை. ரோலரை வாளியில் போட்டுவிட்டு இறங்கினான்.

பஸ் இல்லை. ஒரு ஜீப்காரன் கல்லாறு வரை கொண்டுவந்து விட்டான். அங்கே பஸ்ஸுக்கு நின்ற இடம் அவன் திறக்காமல் விட்ட டீக்கடை. இப்போது வேறு யாரோ நடத்துகிறார்கள். அவன் கட்டிய சிமெண்ட் பெஞ்சில் டூரிஸ்டுகள் உட்கார்ந்து டீ குடித்தார்கள். “இரிக்கூ சேட்டா” என்று கடைக்காரர் இடம் காட்டினார். அவனால் உட்கார முடியவில்லை. வித்துரா பஸ் வரும் வரை ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தான்.

காயல் கரைக்கு ஓடி வந்து சேர்ந்தபோது பொழி வெட்டியாகிவிட்டது. தண்ணீர் இறங்கி, கரையோரம் ஒரு பாய் அகலத்துக்குக் கறுத்த சேறு தெரிந்தது. ஆனால் வள்ளம் கிடந்த இடத்தில் இல்லை. பொன்செல்வி வேலைக்குப் போகாமல், தன்னோடு வேலை செய்யும் பெண்களைக் கூட்டி வந்திருந்தாள். காலையிலேயே மணல் மூட்டைகளை இறக்கிவிட்டு, காங்கிரீட் நாளில் சட்டி கைமாற்றுவது போல வரிசையாய் நின்று தண்ணீரைச் சட்டி சட்டியாய் இறைத்து, வள்ளத்தை ஆழம் பார்த்துத் தள்ளியிருந்தார்கள். சத்தியதாஸ் கழுத்தளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்து நின்றான். பொன்செல்வி வள்ளத்துக்குள் உட்கார்ந்து வாளியால் இறைத்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டாரு முதலாளி!” என்று ஒருத்தி கத்தினாள்.

“சேட்டா, வேகம் கேறு! தண்ணி வலிச்சு இழுக்குது!” என்றான் சத்தியதாஸ்.

பாய்மரத்தைத் தூக்கி, வள்ளத்தில் அதற்கென்று இருந்த ஓட்டையில் நட்டார்கள். பந்தல்காரரிடம் தைத்து வாங்கிய நீலத் தார்ப்பாய் அதில் சுருட்டிக் கட்டியிருந்தது. பால்பாண்டி தொற்றி ஏறினான். முதல் தடவையாக ஒரு வள்ளத்தில் ஏறுகிறான். அது ஆடியதில் பொன்செல்வியின் மடியிலேயே விழுந்தான்.

“என்னையும் சேத்துக் கொல்லவா வந்திய?”

“நீ எறங்கு.”

“எறங்கினா யாரு இறைப்பா? போங்க, அக்கரைக்கு.”

அக்கரையில் ஒரு மீன்காரர் தோப்பில் கட்ட இடம் கேட்டு வைத்திருந்தான். மூங்கிலை ஊன்றித் தள்ளினான். நடுவில் போனதும் மூங்கிலுக்குத் தரை எட்டவில்லை. ஓட்டம் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. பொழி இருந்த திசையில் கடல் இரைகிற சத்தம் கேட்டது. வள்ளம் அந்தப் பக்கமே போனது.

“ஏங்க! அங்க போகுது! கடலுக்குல்லா போகுது!”

அவன் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை இழுத்தான். தார்ப்பாய் பாதி ஏறி மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தான், கை எரிந்தது. மழைக்காற்று கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. பாய் டமார் என்று விரிந்து வள்ளத்தை ஒரு பக்கமாய்ச் சாய்த்தது. சாய்ந்தபடியே அது கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நகர ஆரம்பித்தது. டாக்டர் எதைத் திருப்பி எதை இழுப்பார் என்று ஏணியிலிருந்து பார்த்ததை நினைத்து நினைத்துச் சுக்கானைப் பிடித்தான். கரையில் ஷிஜா கையை ஆட்டிக் கத்தினாள்: “அப்பா, இடத்தோட்டு! இடத்தோட்டு!” இடது பக்கம் திருப்பினால் வள்ளம் வலது பக்கம் போனது.

மீன்காரர் தோப்பு தூரத்தில் கடந்து போயிற்று. அதைத் தாண்டி, தண்ணீரில் மிதக்கும் பாயல் செடி அடர்ந்து கிடந்த ஒரு மூலையில் வள்ளம் தலையை நுழைத்து நின்றது. கடைசியில் அதுவும் அக்கரைதான்.

பால்பாண்டி முதலில் அடிப்பலகையைப் பார்த்தான். கணுக்கால் நனையத் தண்ணீர் இருந்தது, ஆனால் அது பழைய தண்ணீர். சந்துகளில் அங்கங்கே ஒரு சொட்டு கசிந்தது, அவ்வளவுதான். பொன்செல்வியின் கையில் வாளி சும்மா இருந்தது. எப்போது இறைப்பதை நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் முந்தானையைப் பிழிந்தாள். “பொன்முடிச் சுவரு?”

“பாதி.”

“நெனச்சேன்.” பாயலை ஒரு கை அள்ளித் தூக்கி எறிந்தாள். “நாளைக்கு முத பஸ்ல போங்க. முடிக்காம இந்த வள்ளத்துல கால வைக்கக் கூடாது. பேச்சி மதினிக்கு நானே போன் பண்ணிச் சொல்லுதேன், ஒங்க தம்பி ஒண்ணை முடிச்சிட்டாருன்னு.”

மறுநாள் அவன் பொன்முடிக்கு ஏறினான். வெள்ளைப் பாதியில் ரோலரை வைத்து உருட்டத் தொடங்கியவனுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, போனை எடுத்தான்.

“கெடக்கா?”

“கெடக்கல. மிதக்கு” என்றாள் பொன்செல்வி. “ஆனா கொக்கத்தான் காணோம். சுவத்துல பச்சை காஞ்சுதா?”