உளுத்துப் போகாத பலகைகள்

சதுப்பின் குறுக்கே தாழ்வாக மரப்பாலம் போட்ட தச்சருக்கு ஊர் வைத்த பெயர் 'கெட்டி'. அடுத்தவர் போட்ட பலகையெல்லாம் சில மழைக்காலத்திலேயே உளுத்துவிடும். இவர் போட்டது மட்டும் அசையவில்லை. அந்தப் பெருமையில் மனிதர் தலைகால் புரியாமல் திரிந்தார்.

அவர் மனைவி அதே பாலத்தில்தான் தினமும் தையல் ஆலைக்குப் போய்வந்தாள். வழுக்குமென்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பாள். பலகை வெதுவெதுப்பாக இருக்கிறதென்று ஒருநாள் சொன்னாள். வெயில் என்று வாயை அடைத்துவிட்டார்.

போய்ப் பாருங்களென்ற அவள் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு மாலை செருப்புக் காலோடு, சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார். நடுப்பாலத்தில் ஒரு பலகையில் ஆணித்தலையே இல்லை. பக்கத்து உத்திரத்தில் குந்தி, புது ஆணியை வைத்து ஓங்கி அடித்தார்.

பலகை முனகியது.

ஆணியைச் சுற்றி ரத்தம் ஊறியது. மரக்கணு என்று நினைத்த ஓட்டை மூடித் திறந்து மூச்சு விட்டது. குனிந்து அடியில் பார்த்தார். பலகை உளுத்து விழுந்த இடத்தில் ஒரு பிராணி தட்டையாகக் கவிழ்ந்து, உத்திரங்களை நகத்தால் பற்றிக் கிடந்தது. முதுகெல்லாம் மரப்பட்டை மாதிரி தோல், மேலே பாசி. வாய் வயிற்றில். நிழலுக்கு ஒதுங்கிய மீன்கள் துள்ளித் துள்ளி அதற்குள் விழுந்தன. மேலே மிதிப்பவர்களைப் பொறுத்துக்கொண்டால் போதும், சாப்பாடு தேடி வரும்.

அடுத்ததும் பிராணி. அதற்கடுத்ததும். அவர் போட்ட பலகை ஒன்றுகூட மிச்சமில்லை.

எதிர்க்கரையில் மனைவி பாலத்தில் ஏறிவிட்டாள். கீழே ஆளை விழுங்கும் சேறு. அடிபட்டது உதறிய உதறல் ஒவ்வொரு முதுகாகப் பரவி அவளை நோக்கிப் போனது.

அவள் வெறுங்கால் பட்டதும் முதுகுகள் அடங்கின. நேராக வந்தவள், சுத்தியலைப் பிடுங்கி அதன் பிளவால் ஆணியை நெம்பி எடுத்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"வெதுவெதுன்னு இருக்குன்னு சொன்னேனே. நீங்க எப்பங்க நான் சொன்னதைக் கேட்டிருக்கீங்க?"

சுத்தியலை அவர் கையில் திணித்துவிட்டு நடந்தாள். பின்னாலேயே அவர் காலை வைக்கப்போக, அந்த முதுகு நகத்தை விட்டுச் சேற்றில் அமிழ்ந்தது. அவள் கரையேறியதும் மற்றவையும் விலகின. ஒற்றை உத்திரத்தைக் கட்டிக்கொண்டு நடுச்சதுப்பில் நின்றார் கெட்டி.

"சுத்தியலைத் தூக்கிப் போடுங்க," என்றாள் கரையிலிருந்து. "செருப்பையும்."

இரண்டையும் சேற்றில் எறிந்தார். வெகுநேரம் கழித்து ஒரு முதுகு உத்திரத்தோரம் வந்து அணைந்தது. வெறுங்காலை வைத்தார்.

வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.