'பட்டக் கடை' என்று கத்திய காலம்

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது நானும் ஊர்வலங்களுக்குப் போனேன். இலவசக் கல்வியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. தனியார் பல்கலைக்கழகங்களைப் 'பட்டக் கடை' என்று கத்துவோம். அங்கே படிக்கிறவர்கள் காரில் வருவார்கள், புத்தகத்தைத் தொடாமலே பரீட்சையில் சித்தியடைவார்கள் என்று நம்பினேன். அவர்களில் ஒருவரோடும் நான் பேசியதே இல்லை.

அந்த வருடம் என் தங்கை உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் செய்தும், அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிவிட்டது. கொழும்பில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூடப் படிப்புக்குப் பாதிக் கட்டணச் சலுகையோடு இடம் வாங்கினாள். மீதிக்கு, சனி ஞாயிறில் மருந்துக்கடையில் வேலை செய்யப்போவதாகச் சொன்னாள். விடுமுறைக்குப் பொகவந்தலாவைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்து வீட்டுக்கு வந்திருந்தேன். தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டியிருந்த ஈரப் படங்குத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்த அம்மாவின் முன்னாலேயே சொன்னேன்.

"இவ படிக்கப் போகல. காசு குடுத்து பட்டம் வாங்கப் போறா."

அம்மா படங்கைக் கொடியில் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து, அம்மா கொடுத்த மரக்கறிப் பையோடு தங்கையைப் பார்க்கப் போனேன். கேன்டீனுக்கு வரச்சொல்லியிருந்தாள். மேசையைச் சுற்றி நண்பர்கள் நான்கு பேர். ஒருவன் கார்ச் சாவியைச் சுழற்றியபடி, விரிவுரைக்குப் போகாமல் தூங்கிய கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். நான் நினைத்து வைத்திருந்த ஆள் அப்படியே எதிரில் இருந்தான். எனக்குள் ஒரு திருப்தி. மற்ற மூவரும் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று பிற்பகல் அவர்களுக்குச் செய்முறைப் பரீட்சை. தங்கை காலையிலிருந்து சாப்பிட்டிருக்கவில்லை.

அவர்களில் டயகமத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை என்னிடம் சொன்னாள். "உங்க தோட்டத்துலயே மொதல்ல கேம்பஸ் போனவரு நீங்கதானாம். இவ எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கா." பிறகு மெதுவாகக் கேட்டாள். "எங்களப் பத்தி உங்க கேம்பஸ்ல என்னண்ணே சொல்றாங்க?"

தங்கைதான் பதில் சொன்னாள்.

"அண்ணனுக்கு அதெல்லாம் தெரியாது. எப்பவும் படிப்பு, படிப்புன்னுதான் இருப்பாரு."

ஆய்வுகூட வாசல் வரை அவளோடு நடந்தேன்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"பின்ன என்ன சொல்றது? எங்க அண்ணனே அப்படித்தான் பேசுறாருன்னா?"

"நான் பேசுனது தப்புதான்."

"எனக்குப் பரவாயில்லண்ணே. அம்மாதான் அன்னைக்கெல்லாம் சாப்பிடல. அவங்ககிட்ட சொல்லுங்க."

பரீட்சைக்கு நேரமாகிவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். அன்று பேசியது தப்பு என்று அம்மாவிடம் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அவ நல்லா படிக்கிறாளா?"

"ரொம்ப நல்லா படிக்கிறாம்மா."

"அத லயத்துல நாலு பேருக்குக் கேக்குற மாதிரி சொல்லு. அன்னைக்கு நீ சொன்னதும் எல்லாருக்கும் கேட்டுச்சு."

அன்று மாலை பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம் நானே வலியப் போய்த் தங்கையின் படிப்பைப் பற்றிப் பேசினேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அதன் பிறகும் ஊர்வலங்களுக்குப் போனேன். 'பட்டக் கடை' என்ற அந்த ஒரு கோஷம் வரும்போது மட்டும் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்ட நண்பனிடம், "என் தங்கச்சி அங்கதான் படிக்கிறா" என்றேன். அவன் பதாகையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு, அவள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தான்.