அண்ணன் துவைத்த பில்டர்

என் அண்ணன்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில், ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் அவர் ஒரு கடைசல் பட்டறை வைத்திருந்தார். கட்டில் கால், தொட்டில் கட்டை எல்லாம் அங்கே உருண்டு திரண்டு வரும். அவர் வெள்ளைச் சட்டையில் முன்னறையில் உட்கார்ந்து ஆர்டர் பிடிப்பார். மெஷினில் சுற்றும் கட்டைக்கு உப்புத்தாள் பிடித்து, பறக்கும் தூளையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொள்வது நான்.

தூளுக்கென்று ஒரு ரப்பர் மாஸ்க் வாங்கியிருந்தோம். அதன் முன்பக்க மூடியைத் திருகினால் உள்ளே வட்டமாகக் கம்பளி பில்டர் இருக்கும். விற்ற கடைக்காரர் எங்கள் இருவரிடமும் தெளிவாகச் சொன்னார்.

"மூச்சு இழுக்கக் கஷ்டமா இருந்துச்சுன்னா அடைச்சிருச்சுன்னு அர்த்தம். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க. தண்ணி மட்டும் காட்டிராதீங்க."

மாற்று பில்டர்களும் ஒரு டப்பாவில் வந்தன. அண்ணன் அதை நகை மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

முதல் பில்டர் அடைத்ததும் புதுசு கேட்டேன். அண்ணன் பழசை வாங்கி, சோப்புப் போட்டு, துவைகல்லில் நாலு அடி அடித்து, கொடியில் தன் வேட்டிக்குப் பக்கத்தில் காயப்போட்டார். எதையும் துவைத்தால் புதுசாகிவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காய்ந்ததும் மாட்டி, தன் மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தார்.

"காத்து ஜம்முனு வருதுடா. இதுக்கு என்ன கேடு?"

காற்று வந்தது உண்மைதான். அடித்த அடியில் கம்பளி இளகிப்போய், காற்றோடு தூளும் தாராளமாக வந்தது. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் துண்டில் பழுப்பாக ஒட்டும். மாஸ்க்கின் உள்பக்கத்தை விரலால் தடவினால் தூள். எல்லாவற்றையும் அவரிடம் காட்டினேன். "மூக்குப்பொடி போடப் பழகிட்டியாக்கும்?" என்று சிரித்துவிட்டு, மறுபடியும் துவைத்துக் கொடுத்தார். மாதக்கணக்கில் இதே கதைதான்.

அந்த வயதில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை என் மூச்சு. வைகை மணலில் எங்கள் தெருப் பையன்கள் கபடி ஆடுவார்கள். பாடிப் போவதில் நான்தான் முதல் ஆள். எதிராளிகளின் நடுவில் நின்று ஆற அமரப் பாடிவிட்டுத் திரும்பி வருவேன்.

திருமங்கலத்து அணியோடு பந்தயம் வந்தது. கடைசியாகப் பாடிப் போனவன் நான். நடுக்கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, நெஞ்சுக்குள்ளிருந்து இருமல் கிளம்பிப் பாட்டு அறுந்தது. மேலே விழுந்து அமுக்கிவிட்டார்கள். தோற்றோம். கூட்டத்தில் நின்ற அண்ணன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பீடி குடிச்சா மூச்சு எங்கிட்டு நிக்கும்?"

நான் பீடியைக் கையால் தொட்டதில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால் கூடப்பிறந்தவரே சொல்கிறார் என்றால் கேப்டன் யாரை நம்புவான்? மறுநாளிலிருந்து அணியில் எனக்கு இடமில்லை. நான் அழவில்லை. மனசுக்குள் கறுவிக்கொண்டு சமயம் பார்த்திருந்தேன்.

சமயம் தானாகவே வந்தது. அண்ணனின் மச்சினிச்சிக்குக் கல்யாணம். சீர்க் கட்டிலை நானே செய்து தருகிறேன் என்று மாமனாரிடம் அவர் மார்தட்டியிருந்தார். வேங்கை மரத்தில் கால்கள் கடைந்தாகிவிட்டன, தேய்ப்பதுதான் பாக்கி. கல்யாணமும் நெருங்கிவிட்டது. அன்று காலையில் மாஸ்க்கைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

"எனக்கு முடியலண்ணே. நீங்களே தேய்ங்க. பில்டர்தான் ஜம்முனு இருக்குல்ல?"

கத்தினார். கையை ஓங்கினார். நான் வேப்பமரத்தடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். வேறு வழியில்லாமல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு அவரே மெஷினைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் இருமல் சத்தம் வந்தது. காது குளிரக் கேட்டேன்.

மதியம் வெளியே வந்தார். மீசையெல்லாம் தூள். துண்டில் மூக்கைச் சிந்தி, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் பீரோவைத் திறந்து, டப்பாவை அப்படியே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்கடா. எந்திரிச்சு வேலையப் பாரு."

பில்டரை எப்போது மாற்ற வேண்டும் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. அவர் மூக்கு அல்லவா! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பாக்குறேன். அதுக்கு முன்னால ஆத்துக்கு வாங்க. பீடி இல்ல, எம் பட்டறைத் தூளுதான்னு அம்புட்டுப் பேர் முன்னாடியும் சொல்லுங்க."

"மானம் போயிரும்டா தம்பி."

"போகட்டும். எனக்குப் போகலையா?"

கட்டிலை நினைத்தாரோ மாமனாரை நினைத்தாரோ, சாயங்காலம் என் பின்னால் வந்தார். மணலில் நின்று தலையைக் குனிந்து முணுமுணுத்தார். கேட்கவில்லை என்றேன். மறுபடியும் சத்தமாகச் சொன்னார். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேப்டன் என் தோளைத் தட்டி, கோட்டைக் காட்டினான்.

பாடிக்கொண்டு போனேன். பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. கோட்டோரத்தில் நின்ற அண்ணனின் முகம் செத்துப்போயிருந்தது. அவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று, வந்ததைவிட இன்னும் கொஞ்சம் சத்தமாகவே இருமினேன்.